ரெமிஷன் என்றால் குணமாகிவிட்டதா? லிம்போமா சிகிச்சைக்குப் பிந்தைய காலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

லிம்போமாவுக்கு ஆறு சுற்று கீமோ முடிந்து, கடைசி பெட் ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டைப் புரட்டிய மருத்துவர் "கம்ப்ளீட் ரெமிஷன்" என்கிறார், அதாவது பரிசோதனையில் நோய் எதுவும் தென்படவில்லை. அறையை விட்டு வெளியே வருவதற்குள் ஊரிலிருந்து போன்: "அப்போ கேன்சர் போயிடுச்சுல்ல?" ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனசில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலை என்ன, அதில் எப்படிக் காலம் தள்ளுவது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, லிம்போசைட். அதில் தோன்றும் புற்றுநோய்தான் லிம்போமா. இந்த அணுக்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுக்கள் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, வயிறு என்று உடல் முழுக்க உண்டு. ஊரில் 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்வது இந்தக் கணுக்கள் வீங்குவதைத்தான். 1832-இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் இப்படி வீங்கி இறந்தவர்கள் சிலரைப் பற்றி எழுதினார். இன்றும் ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். உள்ளே போனால் பல பத்து உட்பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள உட்பிரிவின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாமே அந்தப் பெயரைப் பொறுத்ததுதான்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

பெட் ஸ்கேனுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு போகவேண்டும், சர்க்கரை அளவு பார்ப்பார்கள், கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போர்வைக்குள் பேசாமல், அசையாமல் கிடக்கவேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச ஆரம்பித்தால் நர்ஸ் வந்து அதட்டுவார். அதட்டலுக்குக் காரணம் உண்டு. பேசினால் தொண்டைத் தசைகள் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்தோரம் இருக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். ஸ்கேன் கருவிக்குப் புற்றுநோய் என்று ஒன்று தனியாகத் தெரியாது, சர்க்கரையை யார் அதிகம் தின்கிறார்கள் என்பதுதான் தெரியும். காசநோய், சளி, பல் சொத்தை, போன வாரம் போட்ட தடுப்பூசி எல்லாமே கணுக்களை ஒளிர வைக்கலாம். கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். சிகிச்சையால் புண்ணான திசுவே சில காலம் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒளிர்வை அளக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 2009-இல் பிரான்சின் டோவில் என்ற கடற்கரை ஊரில் நிபுணர்கள் கூடி வகுத்தது, அதனால் டோவில் ஸ்கோர் என்று பெயர். 1 என்றால் ஒளிர்வே இல்லை. 2 என்றால் மார்பின் நடுவே ஓடும் ரத்தத்தின் அளவுக்கு மேல் போகவில்லை. 3 என்றால் அதைத் தாண்டினாலும் கல்லீரலைத் தாண்டவில்லை. இந்த மூன்றும் பொதுவாக நல்ல செய்தி. 4, 5 வந்தால் மேலும் சோதிக்கவேண்டும்.

இங்கே பலரைத் தூங்கவிடாமல் செய்யும் ஒரு வரியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ரிப்போர்ட்டில் 'மார்பில் 2 செ.மீ. கட்டி மிச்சமிருக்கிறது' என்று போட்டிருக்கும், கீழேயே கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ் (கம்ப்ளீட் ரெமிஷனுக்கு இன்னொரு பெயர்) என்றும் இருக்கும். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கமுடியும்? இருக்கமுடியும். நோய் அழிந்த இடத்தில் தழும்புத் திசு கட்டியாக நிற்பது லிம்போமாவில் சாதாரணம். அது ஒளிராமல் இருந்தால் ரெமிஷன்தான்.

சரி, ஒளிர்வே இல்லையென்றால் மருத்துவர் 'குணம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடலாமே? ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கூட்டத்தை ஸ்கேன் கோட்டைவிட்டுவிடும். ஆக, ஒரு செல்கூட மிஞ்சாத உடம்பும் சில லட்சம் செல்கள் மிஞ்சிய உடம்பும் இன்றைய படத்தில் ஒரே மாதிரி தெரியும். மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கவேண்டாம். அவருக்கும் அந்தப் படம்தான் கையில் இருக்கிறது.

காலம்தான் அடுத்த பரிசோதனை

கோரை பிடுங்கிய வயலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். களை எடுத்த அன்று வயல் துடைத்தாற்போல் இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு மிஞ்சியிருக்கிறதா என்பது இரண்டு மழை பெய்த பிறகுதான் தெரியும். லிம்போமாவிலும், மிஞ்சியது ஏதாவது இருந்தால் வளர்ந்து காட்ட நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வகைக்கு வகை மாறுகிறது.

வேகமாக வளரும் வகைகளில் அதிகம் காணப்படுவது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா. ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டணியை 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு முறை கொடுப்பது இதற்குத்தான். இதில் மிச்சம் இருந்தால் அது சும்மா இருக்காது, சீக்கிரமே தலைகாட்டிவிடும். அதனால் தலைகாட்டாமல் போகும் ஒவ்வொரு மாதமும் ஒரு சாட்சி. அமெரிக்க, பிரெஞ்சு நோயாளிகளை வைத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நோய் கண்டுபிடித்ததிலிருந்து 24 மாதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள பொதுமக்களின் ஆயுளுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகு திரும்பவே திரும்பாது என்று அர்த்தமில்லை. சிலருக்கு வருகிறது. ஆனால் முதல் நாள் இருந்த பயமும் அன்றைய பயமும் ஒரே அளவாக இருக்க நியாயமில்லை.

ஹாட்ஜ்கினிலும் திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஐந்து ஆண்டு தாண்டியவர்களிடம் மருத்துவர் லிம்போமாவைவிட, சிகிச்சையின் பின்விளைவாகப் பாதிக்கப்படக்கூடிய இதயத்தையும் தைராய்டையும் பற்றித்தான் அதிகம் கேட்பார்.

ஃபாலிகுலர் லிம்போமா வேறு ரகம். மெதுவாக வளரும், நன்றாக அடங்கும், பத்தாண்டு கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். இங்கே 'இரண்டு வருஷம் தாண்டிட்டா ஜெயிச்சாச்சு' என்ற கணக்கை அப்படியே பொருத்த முடியாது. பதிலுக்கு வேறொரு ஆறுதல் உண்டு. திரும்பி வந்தாலும் பலருக்கு உடனே சிகிச்சைகூடத் தேவைப்படாது, கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்பார்கள். ஒரே நோயோடு இருபது ஆண்டு வாழ்பவர்கள் இந்த வகையில் நிறைய. இவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்களைப் போல நோயோடு சேர்த்தே வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

முதல் நாள் சொன்ன எண் பழசாகிவிடும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். நோய் தெரிந்த அன்று மருத்துவரோ கூகுளோ சொன்ன ஒரு சதவீதம் பலர் மனசில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. மூன்று வருஷம் கழித்தும் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டு பயப்படுகிறார்கள்.

கணக்குக்காக மட்டும் ஓர் உதாரணம், இது எந்த உண்மையான ஆய்வின் எண்ணும் அல்ல. 100 பேர் ரெமிஷனுக்கு வருகிறார்கள். முதல் இரண்டு ஆண்டில் 30 பேருக்கு நோய் திரும்புகிறது. அதன் பிறகு மொத்தமாகவே 4 பேருக்குத்தான் திரும்புகிறது. முதல் நாள் அன்று ஒருவர் கேட்டால், "100-இல் 34 பேருக்குத் திரும்பலாம்" என்பது சரியான பதில். அதே ஆள் இரண்டு ஆண்டு நலமாகக் கடந்த பிறகு கேட்டால்? அவர் இப்போது மீதமிருக்கும் 70 பேரில் ஒருவர். அந்த 70 பேரில் இனி 4 பேருக்குத்தான் திரும்பப்போகிறது. நூற்றுக்கு ஆறு கூட இல்லை. உடம்பில் எந்தப் புது மருந்தும் ஏறவில்லை, வாய்ப்புக் கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. கடந்துபோன காலமே ஒரு தகவல் என்பதால் மாறியது.

அதனால் ரிவ்யூவுக்குப் போகும்போது "எனக்கு எத்தனை சதவீதம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த வகையில், இத்தனை மாதம் நன்றாகக் கடந்த ஒருவருக்கு இனிமேல் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.

இந்த இடைக்காலம் உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர், தாமே புற்றுநோயிலிருந்து பிழைத்தவர், 1985-இல் இதை மூன்று பருவமாகப் பிரித்துச் சொன்னார். சிகிச்சை நடக்கும் பருவம், அது முடிந்து காத்திருக்கும் பருவம், நோய் பெரும்பாலும் திரும்பாது என்று நம்பத் தொடங்கும் பருவம். நடுப் பருவத்தில்தான் பயம் ஆட்சி செய்கிறது என்றார். கீமோ நாட்களில் அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று செய்ய வேலை இருந்தது. வார்டில் நர்ஸுகள் இருந்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் பயம் முழுசாக வந்து உட்காருகிறது. 'சரியானப்புறம் ஏன் இவர் இப்படி இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கார்' என்று வீட்டார் குழம்புவது இதனால்தான்.

எந்த நெறிக்குப் பயப்படவேண்டும்?

குளிக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகும். எதையாவது தேடினால் எதாவது கிடைக்கத்தான் செய்யும். காலில் சின்னப் புண் இருந்தாலே தொடை இடுக்கில் நெறி கட்டும், தொண்டை கரகரத்தால் தாடைக்குக் கீழே கட்டும். அவை பெரும்பாலும் வலிக்கும், ஓரிரு வாரத்தில் அமுங்கிவிடும்.

மருத்துவரிடம் காட்டவேண்டியது வேறு மாதிரி இருக்கும். வலியில்லாமல், ரப்பர் போல, இரண்டு மூன்று வாரமாகியும் அமுங்காமல் பெரிதாகிக்கொண்டே போகும் கணு. காரணம் தெரியாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வந்து வந்து போகும் காய்ச்சல். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானாகக் குறைவது. அப்புறம் இரவு வியர்வை. சென்னையில் மே மாதம் கரண்ட் போனால் எல்லோருக்கும்தான் வியர்க்கும், அது கணக்கில்லை. எழுந்து சட்டையும் படுக்கை விரிப்பும் மாற்றவேண்டிய அளவுக்கு நனைவதைத்தான் மருத்துவர்கள் கேட்கிறார்கள்.

கழுத்தைத் தடவிப் பார்க்காதே என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. மாதத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் கையை எடுத்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு நாளைக்குப் பத்து தடவை அழுத்தினால் நல்ல கணுவும் கன்றிப்போய் வலிக்க ஆரம்பிக்கும்.

சந்தேகமான கணு ஸ்கேனில் ஒளிர்ந்தால்கூட அதோடு முடிவு கட்டிவிடவேண்டாம். திரும்பிவிட்டது என்று உறுதி செய்வது, கணுவிலிருந்து திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். காசநோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. லிம்போமா திரும்பிவிட்டது என்று குடும்பமே அழுது முடித்த பிறகு பயாப்ஸியில் காசநோய் என்று வருவது உண்டு. காசநோய் வந்ததற்குச் சாமிக்குத் தேங்காய் உடைக்கும் குடும்பத்தை அப்போது பார்க்கலாம்.

'ஏன் ஸ்கேன் எழுதித் தர மாட்டேன் என்கிறார், கைவிட்டுட்டாரா?' என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். முழு ரெமிஷனில் இருப்பவர்களுக்கு, அறிகுறி இல்லாமல் வழக்கத்துக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டாம் என்பது லிம்போமாவுக்காக நிபுணர்கள் வகுத்து 2014-இல் வெளியான லுகானோ வழிகாட்டுதல். திரும்பும் நோயைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பது நோயாளிதான், ஸ்கேன் அல்ல. தேவையில்லாமல் எடுத்தால் பொய் எச்சரிக்கையும் கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுக்குப் பின் வருடத்துக்கு ஒருமுறை என்று நேரில் காட்டி, தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பொதுவான முறை.

ஸ்கேன் எடுக்கவேண்டி வந்தால், மருத்துவரைப் பார்க்கும் நாளையும் அதோடு ஒட்டியே வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட் இப்போதெல்லாம் இரவு பதினொரு மணிக்குக்கூட வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அதைத் தனியாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாக கூகுளில் போட்டுப் பார்ப்பதைவிடக் கொடுமையான பொழுதுபோக்கு இல்லை. வீட்டில் யார் திறப்பது, எப்போது திறப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

'பாசிட்டிவா இரு'

நலம் விசாரிக்க வருபவர்கள் எல்லோரும் யுவராஜ் சிங்கைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். கீமோ முடித்து 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அவர் மறுபடி மட்டையோடு இறங்கியதைப் பார்த்து நாமும்தான் கைதட்டினோம். ஆனால் அவருக்கு வந்தது லிம்போமா அல்ல, மார்பில் வந்த ஜெர்ம் செல் கட்டி. வயதும் உடம்பும் வேறு. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தால் விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாதவரிடம், காலில் செருப்பு இருக்கிறதா கழன்றதா என்றே தெரியாமல் நடப்பவரிடம் போய் அந்தக் கதையைச் சொன்னால் அவருக்குத் தெம்பு வராது, தான் ஏதோ குறைவாகப் போராடுகிறோம் என்ற குற்ற உணர்வுதான் வரும்.

பயந்ததால் லிம்போமா திரும்பியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அழுததால் திரும்பியது என்றும் இல்லை. ஆகவே நம்பிக்கையை மாத்திரை போல வேளாவேளைக்கு விழுங்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. 'நல்லாத்தான் இருக்கு, சொன்னா கண்ணுபடும்' என்று சிலர் நல்ல ரிப்போர்ட்டைக்கூடப் பூட்டி வைப்பார்கள். சிலர் உடனே வேண்டுதலை நிறைவேற்றப் பழனிக்குப் போய், ஆறு மாதம் கழித்து ஆசையாக வளர்ந்த முடியை மறுபடி மொட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டுமே பயத்தோடு பேரம் பேசும் வழிகள்தான், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

நம்பிக்கைக்கு அளவு உண்டு என்று நான் நினைக்கிறேன். 'இனி வரவே வராது' என்பது பெரிய அளவு நம்பிக்கை. அதை ரெமிஷனின் முதல் மாதத்தில் தூக்க முடியாது, தூக்கினாலும் ஒரு சளிக் காய்ச்சலில் கீழே விழுந்துவிடும். அடுத்த ரிவ்யூ வரை, பொங்கல் வரை, பெண்ணின் ப்ளஸ் டூ தேர்வு வரை என்று எட்டும் தூரத்துக்குத் திட்டம் போடுவது முடியும். ரயில் டிக்கெட் எடுங்கள், வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம். வேலைக்குத் திரும்புவதென்றால் முதல் மாதம் அரை நாள் கேட்டுப் பாருங்கள், கீமோ களைப்பு பல மாதம் இழுக்கும். கல்யாணம், குழந்தை என்று யோசிக்கும் இளைஞர்களிடம் பல மருத்துவர்கள் இரண்டு ஆண்டு பொறுக்கச் சொல்கிறார்கள், ஏனென்று இப்போது உங்களுக்கே புரியும்.

வாரக்கணக்கில் தூக்கம் போவது, பயத்தில் ரிவ்யூவுக்கே போகாமல் தள்ளிப்போடுவது, நாளெல்லாம் உடம்பைச் சோதித்துக்கொண்டிருப்பது எல்லாம் சாதாரணக் கவலையைத் தாண்டியவை. மருத்துவமனையில் மனநல ஆலோசகரைக் கேளுங்கள். அரசின் இலவச டெலி-மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும். 'அவர் முன்னாடி அழக்கூடாது' என்று ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு நல்ல ரிப்போர்ட் வந்த பிறகுதான் உடைந்துபோக நேரம் கிடைக்கிறது.

திரும்பி வந்தால்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்தால் பயம் பெருகும், பதிலைத் தெரிந்துகொண்டால் ஓரளவு சுருங்கும். வேறு கீமோ கொடுத்து அடக்கி, ரத்த அணுக்களை உருவாக்கும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே சேமித்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை பல ஆண்டுகளாக இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. நோயாளியின் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களை எடுத்து, மரபணு மாற்றி, லிம்போமாவை வேட்டையாடப் பழக்கி அனுப்பும் கார்-டி சிகிச்சை 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய இந்திய கார்-டிக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் மலைப்பான தொகைதான். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் இல்லை. ஆனால் திரும்பி வந்தால் கதவு அடைபட்டது என்ற காலம் போய்விட்டது.

கடைசியாக, ஒரு ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் பயாப்ஸி ரிப்போர்ட், கொடுத்த மருந்துகளின் பெயர், எத்தனை சுற்று, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்து வையுங்கள். முக்கியமாக, ஆர்-சாப் மருந்துகளில் ஒன்றான டாக்சோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது என்று எழுதி வாங்குங்கள். ஆறு சுற்று ஆர்-சாப் முழு அளவில் என்றால் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் வரும். அது இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து, ஆயுளுக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆர்-சாப்பின் 'ஆர்' ஆன ரிடக்ஸிமாப் போட்டவர்கள் ஹெபடைடிஸ் பி-க்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கீமோ முடிந்ததே என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேலும் தொடரவேண்டியிருக்கும், நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் கேட்டு அந்த ஃபைலிலேயே குறித்துவிடுங்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் நெஞ்சு வலியென்று போகும்போது உங்களைப் பார்க்கும் டாக்டர் உங்கள் லிம்போமாவைப் பற்றி எதுவும் அறியாதவராக இருப்பார். அவர் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.